ஏற்றாத ஃபைல்

சொல்லிவிடலாம். அடுத்த வளைவு தாண்டியதும் சொல்லிவிடலாம். வண்டியில் எதுவும் மாறவில்லை, மாற்ற வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்... இவ்வளவுதான். ஒரே மூச்சில் முடிந்துவிடும். கோபப்படுவார். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். அப்புறம் சீப்பு எங்கே, சாவி எங்கே என்று கேட்டு அவராகவே பேச்சை ஆரம்பிப்பார்.

"பாத்தியா இழுவைய?" என்றார் என் கணவர், ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே.

"ம்."

"வெறும் 'ம்'தானா? கொஞ்சம் வாயத் தொறந்து பாராட்டு மேடம்."

வளைவு தாண்டியது. நான் சொல்லவில்லை.

இது நடந்தது. எனக்கு நடந்தது. பேய் என்றால் நடுநிசி, மின்வெட்டு, நாய் ஊளை என்று எதிர்பார்க்கிறவர்கள் ஏமாந்துபோவார்கள். எல்லாம் பகலில், மக்கள் நடமாடும் சாலையில் நடந்தது. நான் காது கேட்கும் திறனைச் சோதிக்கும் வேலையில் இருப்பவள். கண்ணாடி அறைக்குள் ஒருவரை உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, மெல்லிய ஒலிகளை அனுப்புவேன். கேட்டால் அவர் பொத்தானை அழுத்த வேண்டும். சிலர் ஒலியே இல்லாதபோதும் அழுத்துவார்கள். பொய் சொல்லவில்லை; கேட்கும் என்று எதிர்பார்த்துக் காத்திருப்பதால் அவர்களுக்கு நிஜமாகவே கேட்கும். கேட்டதையும், கேட்டதாக நினைத்ததையும் பிரிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அதனால்தான் இதைத் தைரியமாக எழுதுகிறேன்.

என் கணவர் பல் செட் செய்கிறவர். ஊரில் பாதிப் பேரின் பல் அவர் கையில், மீதிப் பேரின் காது என் கையில் என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். நாள் முழுவதும் விளக்கடியில் குனிந்து, கடுகளவு மெழுகைச் சுரண்டும் மனிதருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. டர்போ கார். பழைய வண்டிதான் வாங்கினோம். சாம்பல் நிறம். வாங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை அதைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, ஓட்டுநருக்குப் பக்கத்து சீட்டின் கதவு ரப்பரை நான் தற்செயலாகத் தூக்கினேன். அடியில், விரல் அகலத்துக்குச் சிவப்பு பெயின்ட்.

"கதவு மாத்தியிருப்பாங்க," என்றார் அவர். "பழைய வண்டின்னா அப்படித்தான்."

கதவில் மட்டும் அல்ல. தரை விரிப்புக்கு அடியிலும் சிவப்பு இருந்தது. நான் மூடிவிட்டேன்.

டர்போ வண்டியில் எஞ்ஜின் விடும் புகையே ஒரு சின்னக் காற்றாடியைச் சுற்றும். அந்தச் சுழற்சி, எஞ்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும். எவ்வளவு தள்ளலாம் என்று கணக்குப் போட ஒரு சின்னக் கணினி உண்டு. அந்தக் கணினிக்குள் இருக்கும் ஃபைலை மாற்றி எழுதினால் அதே வண்டி இன்னும் வேகமாக இழுக்கும். இதெல்லாம் இரவுச் சாப்பாட்டின்போது அவர் பாடம் எடுத்ததில் நான் தெரிந்துகொண்டது. மூன்று மாதம் அவர் கேட்டார். மூன்று மாதம் நான் மறுத்தேன். நான்காம் மாதம் சரி என்றேன்.

ஃபைல் மாற்றித் தரும் கடைக்காரரை எல்லோரும் 'லேப்டாப்' என்றுதான் கூப்பிட்டார்கள். ஸ்பேனரைத் தொடாத மெக்கானிக். என்னைவிடப் பத்து வயது சின்னவராக இருப்பார். எங்களை ஸ்டூலில் உட்காரவைத்து விளக்கினார்.

"ஒண்ணாவது ஃபைல் குடும்பஸ்தருக்குக்கா. மேட்டுல, ஓவர்டேக்ல நல்லாக் கைகொடுக்கும். எஞ்ஜினுக்கு வலிக்காது. ரெண்டாவது, பசங்களுக்கு. பறக்கும். ஆனா கிளட்ச் அழும். மூணாவது..."

"மூணாவது?" என்றேன்.

"மூணாவது போட்டவங்க யாரும் திரும்பி வந்ததில்ல."

"செத்துட்டாங்களா?"

"சேச்சே. எஞ்ஜின்தான் செத்துது. என்னைத் திட்டிட்டு வேற கடைக்குப் போயிட்டாங்க."

என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நான் குடும்பஸ்தனா, பையனா? நீயே சொல்லு."

"குடும்பஸ்தன்னு சொல்லித்தான் எனக்குக் கட்டி வச்சாங்க."

"அப்போ ஒண்ணாவது!" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "நீ ஒத்துக்கிட்டே பாரு, அது போதும் எனக்கு," என்றார்.

அவருக்கு ஃபோன் வந்தது. யாருக்கோ கீழ்ப்பல் செட் பொருந்தவில்லை. பேசிக்கொண்டே தெருவுக்குப் போனார். அவருடைய முதுகு கதவைத் தாண்டியதும் நான் லேப்டாப்பிடம் சொன்னேன்.

"எதுவும் மாத்தாதீங்க தம்பி. மாத்திட்டதா மட்டும் சொல்லிடுங்க."

அவர் என்னையே பார்த்தார். "அக்கா, இது என் தொழில்."

"அவர் வண்டில ஏறினா வேற ஆளாயிடறாரு. எனக்குப் பயமா இருக்கு."

அது உண்மை. ஆனால் முழு உண்மை அல்ல. அதைப் பிறகுதான் எனக்குள்ளேயே தேடிக் கண்டுபிடித்தேன். ஒரு முடிவை அவருக்குத் தெரியாமல், அவர் முதுகுக்குப் பின்னால், நான் மட்டும் எடுப்பதில் ஒரு சின்ன இன்பம் இருந்தது. மறுத்தால் கெட்டவள். ஒத்துக்கொண்டால் தோற்றவள். இப்படிச் செய்தால் நல்ல மனைவி என்ற பெயரும் கிடைக்கும், நான் நினைத்ததும் நடக்கும். எவ்வளவு சுலபம்!

"பொய் உங்களோடது," என்றார் லேப்டாப். "எனக்கு அதுல பங்கு இல்ல."

கேபிளைச் செருகினார். வேலை நடப்பது போலத் தெரிய வேண்டுமே. வண்டிக்குள் இருந்த கம்பெனி ஃபைலையே எடுத்து, அதன் மேல் அதையே திரும்ப எழுதினார். திரையில் பச்சைக் கோடு மெல்ல நகர்ந்தது. நடுவில் ஒருமுறை அவர் நெற்றியைச் சுருக்கினார்.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. இதுல ஏற்கனவே யாரோ எழுதியிருக்காங்க. ஆனா இருக்கறது கம்பெனி ஃபைல்தான்... விடுங்க."

கோடு முடிவை எட்டியது. அப்போது அந்தச் சத்தம் கேட்டது.

டிங். டிங். டிங்.

சீட் பெல்ட் போடாவிட்டால் அடிக்குமே, அந்த மணி. பக்கத்து சீட்டுக்கான விளக்கு சிவப்பாக மினுங்கியது. அந்த சீட்டில் யாரும் இல்லை. நான் வெளியே நின்றேன். லேப்டாப் ஓட்டுநர் சீட்டில் இருந்தார்.

"சென்சார்," என்றார் அவர்.

அன்றிலிருந்து அந்த மணி அடிக்க ஆரம்பித்தது. என் கணவர் தனியாகப் போகும்போதும் அடித்தது. கடைசியில் காலி சீட்டின் குறுக்கே பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டார். மணி நின்றது.

"பேய்க்குக்கூட பெல்ட் போடச் சொல்லுது பாரு," என்றார். "எவ்ளோ பொறுப்பான வண்டி!"

நானும் சிரித்தேன்.

இன்னொன்று. நான் உட்காரும்போதெல்லாம் அந்த சீட் முன்னால் தள்ளியே இருக்கும். முழங்கால் இடிக்கும். பின்னுக்குத் தள்ளிக்கொள்வேன். அடுத்த முறை ஏறினால் மறுபடியும் முன்னால். என்னைவிடக் குள்ளமான யாரோ உட்கார்ந்து எழுந்தது போல.

"நீங்க யாரையாவது ஏத்தினீங்களா?"

"ஆமா, தினமும் ஒருத்தி வரா," என்றார். "பல்லு இல்லாத கெழவி. போதுமா?"

இதெல்லாம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அவருடைய சந்தோஷம். மாறாத வண்டியை ஓட்டிக்கொண்டு, மாறிவிட்டது என்று ஊரெல்லாம் சொன்னார். முதலில் எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. ஒலியில்லாமல் பொத்தானை அழுத்துகிறவர்களின் கூட்டத்தில் என் கணவரும் ஒருவர் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் ஒவ்வொரு நாளும் வீட்டுக்குள் நுழையும்போது அவர் முகம் மலர்ந்திருந்தது. துணி மடித்துக்கொண்டிருக்கும் என் பக்கத்தில் உட்கார்ந்து, நானும் சேர்ந்து எடுத்த முடிவு என்று சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். என் கையில் இருந்த சட்டை கனத்தது.

இரண்டாவது வாரம் எனக்கே ஒன்று உறைத்தது.

வண்டி நிஜமாகவே இழுத்தது.

சிக்னலில் கிளம்பும்போது அல்ல. சமவெளியில் அல்ல. இரண்டே இடங்களில்தான். மேட்டில். ஓவர்டேக்கில். என் முதுகு சீட்டில் அழுந்தியது. நான் பொத்தானை அழுத்துகிறவள் அல்ல. எதையும் எதிர்பார்க்கவும் இல்லை. எதுவும் மாறவில்லை என்று தெரிந்த ஒரே ஆள் அந்த வண்டிக்குள் நான்தான்.

அந்த இழுப்போடு ஒரு சத்தமும் வந்தது. டர்போவின் சீறல் எனக்கு இப்போது பழகிவிட்டது. அது முன்னால், எஞ்ஜினிலிருந்து வரும். இது உள்ளே இருந்து வந்தது. என் காதுக்கு அருகிலிருந்து. மிகத் தாழ்ந்த ஒலி. நின்றுபோன வண்டியை ஒருவர் தோள் கொடுத்துத் தள்ளும்போது பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தொண்டையில் ஒரு முனகல் வருமே...

அது.

பெண் குரல்.

அந்தச் சனிக்கிழமை அவருடைய தங்கை வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். மாலை நான்கு பத்து. தூறல். குன்றை வெட்டிப் போட்ட சாலை, போக ஒரு வரிசை, வர ஒரு வரிசை. முன்னால் ஒரு டேங்கர் லாரி, ஆமை போல மேடேறியது. பத்து நிமிடம் அதன் பின்னாலேயே போனோம். அவர் விரல்கள் ஸ்டியரிங்கில் தாளம் போட ஆரம்பித்தன.

"ஏங்க, வேண்டாம்."

"ஒண்ணாவது ஃபைல் இருக்கு. பயப்படாத."

இப்போது சொல். இப்போதாவது சொல்.

"அது வந்து... ஃபைல்..."

அவர் இண்டிகேட்டரைப் போட்டு வண்டியை வலப்பக்கம் வெளியே எடுத்தார்.

எதிர்ச் சாலை காலியாக இருந்தது. டேங்கரின் பின்சக்கரம் என் ஜன்னலுக்கு வந்தது. நடுச்சக்கரம் வந்தது. அங்கேயே நின்றது. எஞ்ஜின் கத்தியது. வண்டி ஏறவில்லை. கம்பெனி கொடுத்த பலம் அவ்வளவுதான். அது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.

மேட்டின் உச்சியில் ஒரு லாரி முளைத்தது.

எங்களை நோக்கி.

"இழு... இழு..." என்றார் அவர். குரலில் சிரிப்பு இல்லை.

அப்போது என் பெல்ட் இறுகியது. என் மேல் மட்டும் அல்ல. என்னையும், எனக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் இருந்த ஏதோ ஒன்றையும் சேர்த்து.

மடியில் கனம்.

குளிர்ச்சி.

என் வலது கால் தானாகத் தரையை மிதித்தது. பயத்தில் எல்லோரும் பிரேக்கைத் தேடி மிதிப்போமே, அப்படி இல்லை. முன்னால் தள்ளுவதற்கு ஊன்றுவது போல. அது என் பலம் இல்லை. என் காலின் மேல் இன்னொரு கால்...

காதோரம் அந்த முனகல்.

"ம்ம்ம்ம்..."

ஹாரன்.

வெளிச்சம்.

"ம்ம்ம்ம்ம்ம்..."

வண்டி பாய்ந்தது.

டேங்கரின் முன்பக்கம் ஜன்னலில் தெரிந்து மறைந்தது. லாரியின் காற்று எங்கள் வண்டியை அறைந்துவிட்டுப் போனது. நாங்கள் எங்கள் வரிசையில் இருந்தோம்.

அவர் ஓரமாக நிறுத்தினார். வைப்பர் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

"இந்த ஃபைல் மட்டும் இல்லன்னா..." என்றார். "இன்னைக்கு நாம இல்ல."

ஃபைல் இருக்கிறது என்று நம்பியதால்தான் அவர் வெளியே எடுத்தார். நான் பெல்ட்டைக் கழற்றினேன். தோளிலிருந்து இடுப்பு வரை சட்டை நனைந்திருந்தது. ஜன்னல்கள் எல்லாம் மூடித்தான் இருந்தன.

திங்கட்கிழமை விடுப்பு எடுத்தேன். அவரைப் பல் கூடத்தில் இறக்கிவிட்டு, நானே வண்டியை லேப்டாப்பின் கடைக்கு ஓட்டிப்போனேன்.

"ஃபைலைப் பாருங்க," என்றேன். "நீங்க தெரியாம ஒண்ணாவத ஏத்திட்டீங்க. அப்படித்தானே? அப்படின்னு சொல்லுங்க."

கேபிளைச் செருகினார். பார்த்தார். இன்னொரு முறை பார்த்தார்.

"கம்பெனி ஃபைல்தான்கா. ஒரு எழுத்துகூட மாறல."

நான் சனிக்கிழமை நடந்ததைச் சொன்னேன். முனகலைச் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். எழுந்துபோய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"நானே உங்களுக்கு ஃபோன் பண்ணணும்னு இருந்தேன். அன்னைக்கு ஒண்ணு சொன்னேன்ல, யாரோ ஏற்கனவே எழுதியிருக்காங்கன்னு? எத்தனை தடவை எழுதினாங்கன்னு அந்தக் கம்ப்யூட்டர் கணக்கு வச்சிருக்கும். நாம எழுதறதுக்கு முன்னாலயே ஒரு தடவை எழுதியிருக்கு. ஆனா எதுவும் மாறல. கம்பெனி ஃபைல் மேல கம்பெனி ஃபைல். யாராவது அப்படிப் பண்ணுவாங்களா? எனக்கு மண்டைய குடைஞ்சிட்டே இருந்துச்சு."

"நாம பண்ணினோமே," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார்.

"இந்தக் கடைய நானும் ஒரு அண்ணனும் சேர்ந்துதான் ஆரம்பிச்சோம். அவர் திடீர்னு ஒரு நாள் தொழிலையே விட்டுட்டார். காரணம் சொல்லல. நேத்து அவரைக் கூப்பிட்டு இந்த வண்டி நம்பரைச் சொல்லிக் கேட்டேன். 'அது சிவப்பு வண்டிதானே'ன்னு கேட்டார்."

என் கை தானாகக் கதவு ரப்பரைத் தேடியது.

"ஒரு புருஷன் பொண்டாட்டி வந்தாங்களாம். அவர் ஒண்ணாவது ஃபைல் கேட்டாராம். அவர் வெளிய போனதும் அந்தம்மா வந்து..." லேப்டாப் என் முகத்தைப் பார்க்கவில்லை. "நீங்க சொன்ன அதே வார்த்தைக்கா. எதுவும் மாத்தாதீங்க, மாத்திட்டதா சொல்லிடுங்க."

வெளியே யாரோ டயருக்குக் காற்று அடிக்கும் சத்தம் கேட்டது. நின்றது.

"மூணு வாரம் கழிச்சு, நீங்க சொன்ன அதே மேட்டுல, ஒரு லாரிய ஓவர்டேக் பண்ணப் போயிருக்கார். இழுக்கும்னு நம்பி. அவருக்குக் கால்ல மட்டும் அடி. பக்கத்து சீட்டு பக்கம்தான் அப்படியே..."

"போதும்."

"கடைசி வரைக்கும் அந்தம்மா ஒரே வார்த்தையத்தான் கத்தினாங்களாம். 'போகாது, போகாது'ன்னு. வண்டி போகாதுன்னு இவளுக்கு எப்படித் தெரியும்னு, அவர் இன்னைக்கும் எல்லார்கிட்டயும் கேட்டுட்டு இருக்காராம்."

அவள் குள்ளமாக இருந்தாளா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

லேப்டாப் கேபிளைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அக்கா, இப்போ ஒண்ணாவது ஃபைலை நிஜமாவே ஏத்திடறேன். அஞ்சே நிமிஷம். வண்டி தானா இழுக்கும். உங்க பொய்யும் உண்மையாயிடும். அவருக்குத் தெரியவே வேண்டாம். யார்கிட்டயும் எதுவும் சொல்ல வேண்டாம். சரின்னு மட்டும் சொல்லுங்க."

சரி என்பது எனக்குச் சுலபமாக வரும் வார்த்தை. நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

நான் வண்டியைப் பார்த்தேன். தனியாகத்தான் ஓட்டி வந்தேன். அவர் இறங்கும்போது பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் போனார். அதை நான் திரும்ப மாட்டவில்லை. வழி முழுக்க மணி அடிக்கவில்லை என்பது இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

காலி சீட் முன்னால் தள்ளியிருந்தது. பெல்ட் மாட்டியிருந்தது.

"வேண்டாம் தம்பி," என்றேன். "கேபிளை எடுத்து வச்சிடுங்க. சாயந்தரம் அவர்கிட்ட நானே சொல்லிடறேன். இவங்க தள்ளினது போதும்."